வருமுன் காத்த மருத்துவர் மேரி வர்கீஸ்

வீட்டில் முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். அறுவைச் சிகிச்சை முடிந்த ஓரிரு நாள்களில் இயன்முறைச் சிகிச்சையாளர் வந்து, அவரை மெல்ல எழுப்பி நடக்கப் பழக்குகிறார். இயன்முறைச் சிகிச்சையாளர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். ஆனால், அந்த முதியவர் விழாமலேயே பார்த்துக்கொள்வதும் அவர்களுடைய பணி என இன்று மருத்துவ உலகம் கருதுகிறது. நோய்க்குப் பின் உதவுவதோடு நின்றுவிடாமல், நோய் வருமுன் காப்பதற்கும் அத்துறை வளர்ந்துள்ளது. இந்தியாவில் இந்த மாற்றத்துக்கு வழியமைத்தவர்களுள் முக்கியமானவர் மருத்துவர் மேரி வர்கீஸ். அவர் தம் பணியின் பெரும்பகுதியைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செய்தார்.

கொச்சியிலிருந்து வேலூருக்கு

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தில் உள்ள கொச்சியில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அக்காலத்தில் பெண்கள் மருத்துவம் பயில விரும்பினால் தென்னிந்தியாவில் அவர்களுக்கு நன்கு தெரிந்த இடமாக விளங்கியது, தமிழ்நாட்டில் உள்ள வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. அமெரிக்க மருத்துவரான ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய சிறு மருத்துவமனையே அதன் தொடக்கம். 1918ஆம் ஆண்டு அங்குப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உருவானது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது.

1946ஆம் ஆண்டு மேரி அக்கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவப் படிப்பை முடித்தபின், மகப்பேறு, மகளிர் மருத்துவத்தில் ஆர்வம் கொண்டு வேலூரிலேயே பணியாற்றத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சையில் தேர்ந்து, பெண்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

ஒரு நாளில் மாறிய வாழ்க்கை

1954ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இளம் மருத்துவர்கள் சிலர் விடுமுறை நாளில் ஒன்றாக உல்லாசப் பயணம் கிளம்பினர். மேரியும் அவர்களுள் ஒருவர். வழியில் அவர்கள் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. பலர் காயமடைந்தனர். மேரியின் முகத்தில் ஆழமான வெட்டுக்காயம் ஏற்பட்டது. அதைவிடப் பெரிய பாதிப்பு அவருடைய முதுகில் இருந்தது. தண்டுவடம் சிதைந்துபோனதால் இரண்டு கால்களும் முற்றிலும் செயலிழந்தன. அப்போது அவருக்கு 28 வயது.

மூளையிலிருந்து உடலின் மற்றப் பகுதிகளுக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்புகளின் தொகுப்பே தண்டுவடம். அது அறுபட்டால் அந்த இடத்துக்குக் கீழே அசைவும் இருக்காது, உணர்வும் இருக்காது. அறுபட்ட தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் வழி அன்றும் இல்லை; இன்றும் இல்லை. மருத்துவரான மேரிக்கு இதன் பொருள் என்ன என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நடக்க முடியாமல் போவதைவிட உயிருக்கே ஆபத்தான தொல்லைகளும் இத்தகைய நோயாளிகளுக்குக் காத்திருந்தன. நாம் உட்கார்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் நம்மை அறியாமலேயே அடிக்கடி உடலை அசைத்துக்கொள்கிறோம். உணர்விழந்தவர்களால் அப்படிச் செய்ய முடியாது. ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தம் ஏற்படும்போது அங்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் கெடுகிறது. படுக்கைப்புண் எனப்படும் அப்புண் எலும்பு வரை பரவக்கூடியது. சிறுநீர்ப்பையில் தங்கும் கிருமிகள் சிறுநீரகத்தையும் தாக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை, தண்டுவடம் சிதைந்தவர்களுள் மிகப் பலர் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோயினர். அவர்கள் இறந்தது பெரும்பாலும் விபத்தினால் அன்று. விபத்துக்குப் பிறகு வந்த இத்தொல்லைகளினால்தான்.

இந்த நிலையை மாற்ற முடியும் என்பதை இங்கிலாந்தில் மருத்துவர் லுட்விக் குட்மன் நிரூபித்தார். 1944ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கிய அவர், நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். விலையுயர்ந்த மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அவர் நோயாளிகளுக்காக நடத்திய விளையாட்டுப் போட்டிகளே பின்னாளில் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக் போட்டிகளாக மலர்ந்தன.

தொழுநோயாளிகளின் கைகள்

வேலூரில் மேரி படுக்கையில் இருந்த மாதங்களில் அவருக்குப் புதிய வழியைக் காட்டியவர் மருத்துவர் பால் பிராண்ட். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயர் அவர். 1946 முதல் வேலூரில் பணியாற்றிய அவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையின் மூலம் நிமிர்த்தும் முறையை உருவாக்கியிருந்தார்.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்றே மக்கள் நெடுங்காலம் நம்பினர். பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து, உண்மை வேறு என்பதைக் கண்டறிந்தனர். தொழுநோய் நரம்புகளைத் தாக்கி வலி உணர்வை அழிக்கிறது. வலி தெரியாததால் நோயாளிகள் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்தனர். ஆணி குத்திய காலுடன் நடந்தனர். அந்தக் காயங்களே சீழ்பிடித்து விரல்களை அழித்தன. சிலருடைய விரல்கள் இரவில் திடீரெனக் காணாமல் போயின. விழித்திருந்து கவனித்தபோது, உறங்குபவர்களின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. அதன்பின் வீடு திரும்பிய நோயாளிகளுக்குப் பூனைகளும் கொடுத்தனுப்பப்பட்டன.

பூனை மருந்தன்று. ஆயினும், ஒருவருடைய விரலைக் காப்பாற்ற அது போதுமானதாக இருந்தது. மென்மையான ரப்பர் செருப்பும், தினமும் மாலையில் கை கால்களைப் பார்த்துக் காயம் உள்ளதா எனச் சோதிக்கும் பழக்கமும் அதே வேலையைச் செய்தன.

பிராண்டின் யோசனை எளிமையானது. கை அறுவைச் சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரியின் கால்கள்தாம் செயலிழந்தன. கைகள் நலமாகவே இருந்தன. அப்படியானால், அவர் அறுவைச் சிகிச்சை மருத்துவராகத் தொடர்வதற்குத் தடை என்ன?

மேரி அந்த யோசனையை ஏற்றுக்கொண்டார். முதலில் உதவியாளராகவும், பிறகு தாமே பொறுப்பேற்றும், சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை அளித்தார். அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை. முதுகுவலி அவரை விடவில்லை. இருப்பினும், ஊரும் உறவும் ஒதுக்கிய நோயாளிகளுக்கு, தம்மைப் போலவே உடற்குறையுடன் வாழும் மருத்துவரைப் பார்ப்பதே தனித் தெம்பைத் தந்தது.

கத்தி மட்டும் போதாது

இந்தப் பணியின்போது மேரி ஓர் உண்மையை அருகிலிருந்து கண்டார். கை அறுவைச் சிகிச்சையின் வெற்றி அறுவை அறையில் மட்டும் முடிவாவதில்லை. அதற்கு முன்பும் பின்பும் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் செய்யும் பணியையும் அது பொறுத்திருந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு முன் அவர்கள் நோயாளியின் இறுகிப்போன மூட்டுகளை எண்ணெய் தடவி நீவி இளக்குவர். நன்றாக இயங்கும் தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுடன் இணைப்பதே அறுவைச் சிகிச்சை. எனவே, வேறு வேலை செய்து பழகிய தசைக்கு விரலை இயக்கும் புதிய வேலையைக் கற்றுத்தர வேண்டும். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, நாள்தோறும் பயிற்சி அளித்து அதைச் சாதிப்பவர் இயன்முறைச் சிகிச்சையாளரே. உணர்வற்ற கையைக் காயப்படாமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் நோயாளி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதைக் கற்காமல் வீடு திரும்பியவர், சரிசெய்யப்பட்ட அதே விரலைச் சமையல் அடுப்பில் சுட்டுக்கொள்ள நேரிடும். குணப்படுத்துதலும் காத்தலும் ஒன்றையொன்று பிரிக்க முடியாதவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நோயாளியாகவும் மாணவியாகவும்

தம் உடலைத் தாமே பராமரிக்கும் திறனைப் பெறுவதற்காக மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். அங்குத் தண்டுவடப் பாதிப்புள்ளோருக்கான சிகிச்சைப் பிரிவில் அவர் பயிற்சி பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, பிறர் துணையின்றி உடுத்திக்கொள்வது, கைகளை ஊன்றி உடலைத் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பது போன்றவை இத்தகைய பிரிவுகளில் கற்பிக்கப்படும் அடிப்படைத் திறன்கள். பிறருக்குச் சிகிச்சை அளித்தவர் இப்போது பயிற்சியாளரின் சொல்லைக் கேட்டு, மீண்டும் மீண்டும் முயன்று கற்றார்.

அந்த அனுபவம் அவருக்குள் ஒரு கேள்வியை எழுப்பியது. தமக்குக் கிடைத்த இந்த வாய்ப்பு இந்தியாவில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தென்னை, பனை மரங்களிலிருந்து தவறி விழுந்து தண்டுவடம் சிதைந்தவர்கள் தென்னிந்தியக் கிராமங்களில் பலர் இருந்தனர். அவர்கள் வெளிநாடு செல்ல முடியாது. உள்நாட்டிலும் அவர்களுக்கென முழுமையான பயிற்சி தரும் இடம் இருக்கவில்லை. பலர் வீட்டின் மூலையில் பாயில் கிடந்து, படுக்கைப்புண்ணுக்குப் பலியாயினர்.

எனவே, மேரி மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்க முடிவெடுத்து, அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குச் சென்றார். அங்கு அத்துறையின் முன்னோடியான மருத்துவர் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்தில் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படை வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ரஸ்க், குணமாகும் காலத்தில் வெறுமனே படுத்திருப்பவர்கள் மெலிந்துபோவதைக் கவனித்து, அவர்களுக்கு உடற்பயிற்சியும் கல்வியும் அளித்துப் பலன் கண்டவர். நோயைத் தடுப்பது மருத்துவத்தின் முதற்கட்டம், குணப்படுத்துவது இரண்டாம் கட்டம், மறுவாழ்வு தருவது மூன்றாம் கட்டம் என அவர் வகுத்தார்.

மேரி செய்யவிருந்த பணி இந்த வரிசைக்கு ஒரு புதிய பொருளைத் தந்தது. மூன்றாம் கட்டத்துக்கு வந்துவிட்ட நோயாளிக்கும் முதற்கட்டம் மறுபடியும் தேவைப்படுகிறது. இழந்த கால்களை மீட்க முடியாது. ஆனால் அடுத்து வரவிருக்கும் புண்ணையும், சிறுநீரக நோயையும், இறுகும் மூட்டையும் தடுக்க முடியும்.

வேலூரில் ஒரு புதிய தொடக்கம்

இந்தியா திரும்பிய மேரி, 1963ஆம் ஆண்டு வேலூர் மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குப் பொறுப்பேற்றார். நாட்டில் அத்தகைய துறைகளுள் முன்னோடியாக விளங்கியது அது. 1966ஆம் ஆண்டு, வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறுவதற்கான மறுவாழ்வு நிலையம் அவருடைய தலைமையில் தொடங்கப்பட்டது.

அத்தகைய நிலையத்தில் நோயாளியின் நாள் மருந்தோடு முடிவதில்லை. கைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, சக்கர நாற்காலியை இயக்கும் பயிற்சி, தோலைக் கண்ணாடியில் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் என ஒவ்வொன்றும் அன்றாடப் பாடமாகிறது. உடன் தங்கும் குடும்பத்தினரும் அவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள். ஏனெனில், நோயாளி திரும்பிச் செல்வது வழவழப்பான தரையும் மின்தூக்கியும் உள்ள கட்டடத்துக்கு அன்று. உயரமான வாசற்படியும், மண் தரையும், தொலைவில் கிணறும் உள்ள வீட்டுக்கே அவர் திரும்புகிறார். அந்த வீட்டில் அவர் நலமாக வாழ முடியுமா, ஏதேனும் தொழில் செய்து சம்பாதிக்க முடியுமா என்பதுதான் சிகிச்சையின் உண்மையான தேர்வு.

இதனால், இயன்முறைச் சிகிச்சையாளரின் பணியும் விரிந்தது. கையையும் காலையும் அசைத்துவிடுபவராக மட்டும் இருந்தவர், நோயாளிக்கு ஆசிரியராகவும், குடும்பத்துக்கு ஆலோசகராகவும் மாறினார். மருத்துவர், செவிலியர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகச் சேவையாளர் ஆகியோருடன் ஒரே குழுவில் அமர்ந்து, நோயாளியின் எதிர்காலத்தைத் திட்டமிடுபவரானார். சிகிச்சையாளர் அருகில் இல்லாதபோதும் நோயாளி தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கமாயிற்று.

மேரி தம் நோயாளிகளுக்கு வெறும் அறிவுரை கூறுபவராக இருக்கவில்லை. அவர்கள் நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கை அவரும் நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது. விபத்துக்குப்பின் அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். அவருடைய வாழ்க்கையே அவர் கற்பித்த பாடத்துக்குச் சான்றாக அமைந்தது.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை அமெரிக்க எழுத்தாளர் டோரத்தி கிளார்க் வில்சன், ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ என்னும் ஆங்கில நூலாக எழுதினார். 1972ஆம் ஆண்டு இந்திய அரசு மேரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1986ஆம் ஆண்டு, தமது 61ஆம் வயதில் அவர் காலமானார்.

அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. வேலூர் மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி பெற்று வீடு திரும்பியவர்கள் மீண்டும் கூடும் விழா அங்கு நடத்தப்பட்டு வருகிறது. சக்கர நாற்காலிகளில் வருபவர்கள் உடல்நலப் பரிசோதனை செய்துகொள்கிறார்கள், விளையாட்டுகளில் பங்கேற்கிறார்கள், ஒருவருக்கொருவர் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். புண்ணோ கிருமித்தொற்றோ தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால், அது பெரிதாகும் முன் தடுத்துவிடலாம்.

நம் நாட்டில்

சிங்கப்பூரின் சூழல் வேறு. இங்குத் தென்னை மரத்திலிருந்து விழுபவர்கள் அரிது. ஆனால், குளியலறையில் வழுக்கி விழும் முதியவர்கள் உள்ளனர். 2030ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூரர்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ உடையவராக இருப்பார் என எதிர்பார்க்கப்படுகிறது. ஒருமுறை விழுந்து எலும்பை முறித்துக்கொண்ட முதியவர், மீண்டும் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்குகிறார். நடப்பது குறையக் குறையத் தசைகள் வலுவிழக்கின்றன. வலுவிழந்த கால்கள் அவரை மறுபடியும் விழச் செய்கின்றன. இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே நிறுத்துவதுதான் அறிவுடைமை.

எனவே, இன்றைய இயன்முறைச் சிகிச்சையாளர்கள் மருத்துவமனைக்குள் மட்டும் பணியாற்றுவதில்லை. பலதுறை மருந்தகங்களிலும் சமூகத்திலும் முதியவர்களைச் சந்திக்கின்றனர். ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்க முடிகிறது, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்பன போன்ற எளிய சோதனைகளால் விழும் வாய்ப்பு உள்ளவர்களை முன்கூட்டியே அறிகின்றனர். உடல்நிலைக்கு ஏற்ற பயிற்சிகளையும், குளியலறையில் கைப்பிடி பொருத்துவது போன்ற மாற்றங்களையும் பரிந்துரைக்கின்றனர். 2023ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டமும் நோய்த் தடுப்பையே முதன்மையாகக் கொண்டது. கிராஞ்சியை ஒட்டிச் செல்லும் பழைய ரயில் பாதை இன்று மக்கள் நடைபயிலும் பசுமை வழியாக மாறியிருப்பதும் நல்வாழ்வுக்குத் துணைசெய்கிறது.

வலுவான கால்களுடன் இருக்கும்போது அவற்றின் அருமையை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. மேரி வர்கீஸ் தம் கால்களை இழந்தபின், எஞ்சியிருந்த கைகளைக் கொண்டு பிறருடைய கைகளைச் சீராக்கினார். பின்னர், தம்மைப் போல் பாதிக்கப்பட்டவர்கள் மேலும் துன்பப்படாமல் காப்பதற்கு ஒரு துறையையே வளர்த்தெடுத்தார். வந்த துன்பத்தை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால், அடுத்து வரவிருந்த துன்பங்களைத் தமக்கும் பிறருக்கும் தடுப்பதையே தம் வாழ்நாள் பணியாக அவர் ஆக்கிக்கொண்டார்.